மாமியார் இரை எடுக்கவில்லை

"மாமியார் நேத்துலேர்ந்து எதுவும் சாப்பிடலைங்க. கழுத்துக்குக் கீழ கட்டி மாதிரி ஏதோ இருக்கு."

கடைக்கு வந்தவர் இப்படிச் சொன்னதும், தீவன அக்கா கையிலிருந்த தகரக் குவளையை மூட்டைக்குள்ளேயே விட்டுவிட்டு நிமிர்ந்தாள். வந்தவருக்கு நீலச் சட்டை, தோளில் கருவிப் பை, நகக்கண்ணில் கிரீஸ். பதற்றத்தில் மனிதருக்கு மூச்சு வாங்கியது.

"வயசானவங்கள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகாம இங்க வந்து நிக்கிறீங்களே? இது கோழித் தீவனக் கடைங்க."

"கோழிதாங்க," என்றார் அவர். "பேருதான் மாமியார். மத்ததுங்களக் கொத்திக்கிட்டே இருக்கும்னு என் வீட்டுக்காரி வெச்ச பேரு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு அடக்கிக்கொண்டாள்.

அந்தக் கடை அவளுடைய அப்பா வைத்தது. அப்பா படுத்த படுக்கையான பிறகு பெயருக்கு அண்ணன் முதலாளி. கொள்முதலும் வசூலும் அவன் பொறுப்பு. மூட்டை பிரிப்பது, கலப்பது, நிறுப்பது, வருகிறவர்களின் கோழி, வாத்து, புறாக் கதைகளைக் கேட்பது எல்லாம் இவள். தெருவில் பெரியவர்களிலிருந்து வாண்டுகள்வரை எல்லோருக்கும் தீவன அக்காதான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி யோசித்துத்தான் திரும்புவாள். நாற்பதைத் தாண்டியாயிற்று. அப்பா கண்ணை மூடும்வரை அவரைப் பார்த்துக்கொண்ட வருடங்களில் வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. ஒருவர் மட்டும் காரணத்தை ஒளிக்காமல் சொன்னார்: பெண் தலைமுடியில் தவிட்டு வாசனை அடிக்கிறதாம். அதற்குப் பிறகு எத்தனை சோப்பு போட்டும், யாராவது பக்கத்தில் வந்தால் அரை அடி தள்ளி நிற்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

"என்னென்ன போடுறீங்க அதுக்கு?" என்று கேட்டாள்.

அவர் விரல் மடக்கினார். காலையில் டீயில் நனைத்த ரொட்டி. மத்தியானம் மிஞ்சிய சோறு. சாயங்காலம் பிஸ்கட். ஞாயிற்றுக்கிழமை என்றால் உருளைக்கிழங்கு சிப்ஸ், கொஞ்சம் கேக்.

"அது கோழியா, கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்தியா?" அவள் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"என் வீட்டுக்காரி சாயங்காலத்துல ஒரு பிஸ்கட் உடைச்சுப் போடுவா. அது மட்டும்தான் எனக்குத் தெரியும். மத்த நேரம் என்ன போடுவான்னு நான் கேட்டுக்கவே இல்லை. வேலைக்குப் போயிடுவேன். போன வருஷம் அவ தவறிட்டா." அவர் பையின் வாரைச் சரிசெய்துகொண்டார். "நான் மாடியேறினா எல்லாம் ஓடி வந்து கால்கிட்ட நிக்குதுங்க. வெறுங்கையை நீட்ட மனசு வரல."

அக்காவுக்குச் சொல்லத் தோன்றியதெல்லாம் சொல்லத் தகாததாக இருந்தது. பிறகு, "கோழியை எடுத்துட்டு வாங்க, பாக்கலாம்," என்றாள்.

போன வேகத்தில் அவர் திரும்பி வந்தார். கருவிப் பையில் ஸ்பேனர்களுக்குப் பதில் மாமியார் உட்கார்ந்திருந்தது. அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு, நெஞ்சுக்கு மேலே இரைப்பையைத் தொட்டாள். கல் மாதிரி இறுகிக் கிடந்தது. காலையில் காலியாக இருக்க வேண்டிய பை.

"மொட்டை மாடில வளக்கிறீங்களா?"

"ஆமா. சிமெண்ட் தரை. தொட்டில கொஞ்சம் நீட்டுப் புல்லு இருக்கு, அதை இழுத்துத் தின்னும்."

"ரொட்டியும் நீட்டுப் புல்லும் சேர்ந்து உள்ள உருண்டையாகிக் கிடக்கு. இதுங்களுக்குப் பல்லு கிடையாது பாருங்க. மண்ணுல கிளறி, குட்டிக் குட்டிக் கல்லா விழுங்கி வெச்சுக்கும். அந்தக் கல்லுதான் வயித்துக்குள்ள அரைச்சுக் கொடுக்கும். சிமெண்ட் தரைல கல்லுக்கு எங்க போகும்?"

வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அலகின் ஓரத்தில் விட்டாள். பிறகு விரல் நுனியால் மெதுவாக, மாவு பிசைவதைவிட மென்மையாக, அந்த இறுக்கத்தைப் பிசைந்துவிட்டாள். மாமியார் முதலில் முறைத்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டது. அவர் எதிரில் குந்தி உட்கார்ந்து அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையை ஒருவர் அவ்வளவு கவனமாகப் பார்ப்பது அக்காவுக்குப் புதிது. காது சூடேறியது.

"இன்னிக்கு ராத்திரி தண்ணி மட்டும் வைங்க. காலைல பை இளகலைன்னா நேரா மாட்டாஸ்பத்திரி டாக்டர்கிட்ட போயிடணும். அவர் பாக்க வேண்டியது அது, நான் இல்லை."

மறுநாள் கடை திறக்கும்போதே அவர் வாசலில் நின்றிருந்தார். முகத்தைப் பார்த்ததுமே சேதி தெரிந்துவிட்டது. "மாமியார் டீச்சரைக் கொத்த ஆரம்பிச்சிடுச்சுங்க!" என்றார், பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி.

மொத்தம் நான்கு கோழிகள். மாமியார், எப்போதும் முன்னால் நடக்கும் டீச்சர், பெயருக்கேற்ற குண்டம்மா, பிறகு புதுப்பொண்ணு. இருப்பதிலேயே வயதில் மூத்தது புதுப்பொண்ணுதான். வந்த அன்றைக்கு வைத்த பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. குண்டம்மா சில நாட்களாக ஓடில்லாத தோல் முட்டை இட்டுக்கொண்டிருந்தது. அக்கா எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். முட்டைக்கோழித் தீவனம்தான் சாப்பாடு, மற்றதெல்லாம் கொறிப்பு. கொறிப்பு ஒரு பிடிக்கு மேல் போகக் கூடாது. கிளிஞ்சல் தூளைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்தால் தேவைப்பட்டது தேவைப்பட்டபோது தின்னும், முட்டை ஓடு கெட்டிப்படும். ஒரு தட்டில் குறுமணல் கல். கீரையைப் பொடியாக நறுக்கிப் போடலாம். சிப்ஸின் உப்பு ஆகாது, சாக்லேட் கேக் அறவே ஆகாது, பச்சை பாய்ந்த உருளைத்தோல் ஆகாது, ஊறவைத்து வேகவைக்காத பயறு ஆகாது. தண்ணீரை நிழலில் வைத்துத் தினமும் மாற்ற வேண்டும்.

"எல்லாத்துக்கும் மேல, போடுறதுக்கு முன்னாடி முகர்ந்து பாருங்க," என்று ஒரு கை தீவனத்தை அள்ளி நீட்டினாள். "இப்படி இருக்கணும். புளிச்ச வாடையோ பூஞ்சை வாடையோ வந்தா, ஆசையா ஓடி வருதேன்னு போட்டுடாதீங்க."

அவர் குனிந்து அவள் உள்ளங்கையை முகர்ந்தார். "நல்ல வாசனைங்க," என்றார். "வெயில்ல நெல்லு காய வெச்ச வீடு மாதிரி."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்று முழுதும் அக்கா அந்தக் கையைக் கழுவும்போதெல்லாம் ஒரு கணம் தயங்கினாள்.

ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகளை ஓடவைப்பது அவர்தான். லிஃப்ட்காரர் என்றே கடையில் பெயர் விழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தீவனம் வாங்கிப் போவார். "பழசானா சத்துப் போயிடும், அப்பப்ப புதுசா வாங்குங்க," என்று முதலில் அவள் சொன்னது உண்மைதான். முழு உண்மை இல்லை. இறுக மூடிய டப்பாவில் வைத்தால் ஒரு மாதம்கூடத் தாங்கும். அதை அவள் சொல்லவில்லை. சொல்லாததை ஒவ்வொரு முறையும் நாக்கின் அடியில் புளியங்கொட்டை மாதிரி அதக்கிக்கொண்டு நின்றாள். அவர் வராத நாளில் தெருமுனையில் நீலச் சட்டை எது தெரிந்தாலும் தராசுத் தட்டு அவள் கையில் ஆடியது.

அண்ணிக்குக் கண் கூர்மை. "என்னடி, மூட்டை தைக்கிற கோணி ஊசியைப் பிடிக்கிறப்பகூட உன் முகத்துல சிரிப்பு?" என்றாள். "கோழி கிளறின இடத்துல ஏதோ முளைச்சிருக்கு போல."

"சும்மா இருங்க அண்ணி. அவர் பேசுறதெல்லாம் அவர் வீட்டுக்காரியைப் பத்திதான்."

அது பொய்யில்லை. லிஃப்ட்காரர் வாய் திறந்தால் அவளில் தொடங்கி அவளில் முடிப்பார். கோழிகள் கூண்டில் உட்காருவதற்கு மனைவி பட்டைக் கம்பு கேட்டதும், உருண்டைக் கம்பைக் கொண்டுவந்து தான் திட்டு வாங்கியதும். மழை நாளில் அவள் குடை பிடித்துக்கொண்டு கோழிகளோடு நின்றது. அக்கா தவிட்டைச் சலித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். முகம் பார்த்திராத அந்தப் பெண் மீது அவளுக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது. சில நாட்களில் பிரியத்துக்கு அடியில் வேறொன்று குத்தும். செத்துப்போனவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே, நமக்கென்ன புத்தி கெட்டுவிட்டதா என்று தன்னையே வைதுகொள்வாள். ஆனாலும் ஆசை கேட்கவில்லை. தன்னைப் பற்றி இப்படி ஒருவர் எங்கோ ஒரு கடையில் நின்று பேசிக்கொண்டிருக்க வேண்டும். அதற்காகச் செத்தாலும் பரவாயில்லை என்றுகூடத் தோன்றியது. செத்தால் கேட்க முடியாதே என்றும் உடனே தோன்றி, தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

ஒருநாள் அவர் மிகவும் களைத்து வந்தார். ஏதோ கட்டடத்தில் பாதி வழியில் நின்ற லிஃப்டைக் கையாலேயே இழுத்து இறக்கியிருந்தார். உள்ளங்கை சிவந்திருந்தது. ஒரு கிலோத் தீவனத்துக்காக இந்த மனிதர் இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்று அவளுக்கு நெஞ்சு கேட்கவில்லை.

"மூடி இறுக்கமா இருக்கிற டப்பா ஒண்ணு வாங்கிடுங்க," என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "மொத்தமா வாங்கி வெச்சா ஒரு மாசம் கெடாது. நீங்க அடிக்கடி வர வேண்டியதில்லை."

அவர் காசைத் தேடுகிறவர் மாதிரி சட்டைப்பையைத் துழாவினார். "பரவால்லங்க. இந்தத் தெருவுல எனக்கு எப்படியும் வேலை இருக்கு."

அவர் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்தத் தெருவில் லிஃப்ட் வைத்த கட்டடம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் ஓரடுக்கு வீடு.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவள் ஒரு மாதம் வாழ்ந்தாள்.

அதற்குப் பிறகு வந்தது மழை. கடையின் பின்பக்கத் தகரக்கூரையில் ஓரிடத்தில் ஆணி கழன்று, இரவு முழுக்க உள்ளே நீர் இறங்கியிருந்தது. பின்வரிசை மூட்டைகள் நனைந்துவிட்டன. அண்ணன் அவற்றைப் பிரித்துத் தரையில் பரப்பி, மின்விசிறியைப் போட்டுக் கிளறிவிட்டான். இரண்டு நாளில் பார்க்கக் காய்ந்தது. அள்ளிப் பார்த்தால் உள்ளே கட்டிகள். கட்டியை உடைத்தால் சாம்பல் பச்சை.

"இது ஆகாது அண்ணா. கொட்டிடலாம்," என்றாள்.

"எல்லாத்தையுமா? விளையாடுறியா? நல்லதோட கொஞ்சம் கொஞ்சமாக் கலந்தா யாருக்குத் தெரியும்? கோழி வந்து புகார் கொடுக்கவா போகுது?"

"கொடுக்காது. வாயில்லாத ஜீவன் நம்மள நம்பித்தானே தின்னுது? ஈரல் கெட்டு, இறகு கொட்டி, கூண்டு மூலைல ஒடுங்கிச் சாகும். வளக்கிறவங்களுக்கு எதனாலன்னுகூடத் தெரியாது."

அண்ணன் கெட்டவன் இல்லை. வீட்டுச் சுமை அவன் தோளில். நஷ்டத்தை நினைத்தால் தூக்கம் வராதவன். "சரி, சரி, பாக்கலாம்," என்று முணுமுணுத்துவிட்டு மூட்டைகளை ஓரமாக அடுக்கினான். அந்தப் "பாக்கலாம்" அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அப்போதைக்கு விட்டுவிட்டாள்.

மறுநாள் அண்ணிக்குப் பல்வலி. அக்கா துணைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கடையில் அண்ணன் மட்டும் இருந்தான்.

"உன் லிஃப்ட்காரர் வந்தாரு. நீ இல்லைன்னதும் மூஞ்சி தொங்கிப்போச்சு. நானே போட்டுக் கொடுத்து அனுப்பிட்டேன். இந்தத் தடவை நிறையவே வாங்கிட்டுப் போனாரு."

"எந்த மூட்டைலேர்ந்து?"

அண்ணன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான். அது ஓடாமல் நின்றிருந்தது.

அவள் உடனே லிஃப்ட்காரருக்கு ஃபோன் போட்டாள். மணி அடிக்கவே இல்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருந்தால் சிக்னல் கிடைக்காது என்று அவர் சொன்னது நினைவு வந்தது. புதிதாகப் பிரித்த மூட்டையிலிருந்து ஒரு பை தீவனத்தை அள்ளிக் கட்டினாள்.

"எங்க கிளம்பிட்ட? போய் நம்ம கடைப் பேரை நீயே கெடுக்கப் போறியா?" என்றான் அண்ணன்.

"கெட்டது பேரு இல்லைண்ணா, தீவனம்," என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிவிட்டாள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கண்ணாடிக் கடைக்கு மேலே இருக்கும் பழைய அடுக்குமாடி. பேச்சுவாக்கில் அவர் சொன்ன அடையாளங்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒருமுறைகூட வராத வழியில் தட்டுத் தடங்கல் இல்லாமல் நடந்தாள். கண்ணாடிக் கடையில் சட்டம் போட வைத்திருந்த கண்ணாடிகளில் வியர்த்த முகத்தோடு நாலைந்து தீவன அக்காக்கள் தெரிந்தார்கள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. ஊருக்கெல்லாம் லிஃப்டை ஓடவைக்கிறவர் தினமும் படியேறித்தான் வீட்டுக்குப் போகிறார். மூச்சிரைக்க ஏறினாள்.

மொட்டை மாடிக் கதவு திறந்திருந்தது. தண்ணீர்த் தொட்டி நிழலில் கூண்டு. அதன் கதவு, ஒரு பழைய லிஃப்டின் மடக்குக் கம்பிக் கதவு. இழுத்தால் விரியும், தள்ளினால் மடங்கும். காகம் வராமலிருக்க ஒரு கம்பில் பூப்போட்ட பெண்கள் சட்டை ஒன்றை மாட்டியிருந்தார். காற்று வீசும்போது சட்டை உப்பியது. தோள் இவ்வளவு, கை இவ்வளவு என்று அக்கா தன்னை அறியாமல் அளந்தாள். கிட்டத்தட்ட தன் அளவுதான். அந்தச் சட்டைக்கு முன்னால் செருப்போடு நிற்கக் கூடாது என்று தோன்றி, கழற்றிவிட்டாள்.

லிஃப்ட்காரர் கூண்டுக்கு முன்னால் குந்தியிருந்தார். கோழிகள் அவரைச் சுற்றி நின்றன. அவளைக் கண்டதும் எழுந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "நீங்களா? வாங்க, வாங்க! என்னங்க, இவ்ளோ தூரம்?"

"இன்னிக்கு வாங்கினதைப் போட்டுட்டீங்களா?"

"இல்லையே."

"போடாதீங்க. அது நனைஞ்ச மூட்டை. பூஞ்சை பிடிச்சது. எங்க தப்பு." ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "எங்க கடைலேர்ந்து அப்படி ஒண்ணு உங்க கைக்கு வந்திருக்கக் கூடாது."

அவர் மூலையிலிருந்த பையைக் காட்டினார். வாய் கட்டியபடி தனியாக இருந்தது. "பிரிச்சதும் முகர்ந்தேங்க. நீங்க கைல காமிச்ச வாசனை இல்லை. சரி, நாளைக்கு உங்ககிட்டயே கொண்டுவந்து கேக்கலாம்னு வெச்சிட்டேன். இதுங்க கோவிச்சுக்கிட்டு நிக்குதுங்க."

அக்கா தொட்டியின் திட்டில் உட்கார்ந்துவிட்டாள். கொண்டுவந்த பையை அவரே பிரித்து, முகர்ந்து பார்த்து, தலையாட்டிவிட்டுத் தட்டில் கொட்டினார். கோழிகள் பாய்ந்தன. நான்கு அலகுகளும் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி தட்டின. குண்டம்மாவுக்கு இறகு பளபளத்தது. மாமியார் எல்லோரையும் நெட்டித் தள்ளிவிட்டு நடுவில் நின்றது. இவற்றை அவள் சொல்லால் மட்டுமே வளர்த்திருந்தாள். மாமியாரைத் தவிர மற்றவற்றை இன்றுதான் கண்ணால் பார்க்கிறாள்.

பிறகு அவர் தொண்டையைக் கனைத்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருக்கேன். கடைல வெச்சுக் கேக்கக் கூச்சமா இருந்தது."

அவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு மூட்டை சரிந்தது. "கேளுங்க," என்றாள். குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே சந்தேகம்.

"கம்பெனில என்னை வேற ஊருக்குப் போகச் சொல்லிட்டாங்க. பெரிய பெரிய கட்டடமாக் கட்டுறாங்களாம். லிஃப்ட் எல்லாம் மாட்டி முடிக்க ஒரு வருஷம் ஆகும், கூடவும் ஆகலாம். தங்குறதுக்கு ஒரு அறைதான், நாலு பேரோட. இதுங்கள எங்க கொண்டுபோக? விக்கவும் மனசில்லை. எனக்குத் தெரிஞ்சு இதுங்கள யார்கிட்ட நம்பிக் கொடுக்க முடியும்னா…" அவர் முடிக்கவில்லை.

அவள் கம்பிலிருந்த பூப்போட்ட சட்டையைப் பார்த்தாள். காற்று நின்றிருந்தது. சட்டை சும்மா தொங்கியது.

"நான் பாத்துக்கறேன்," என்றாள். யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் அழுதிருப்பாள். "கடைக்குப் பின்னாடி மண் தரைதான். கிளற நிறைய இடம் இருக்கு."

இறங்கும்போது, படி திரும்பும் இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். எதிரே ஏறி வந்த ஒரு அம்மாள், "மூச்சு வாங்குதா? லிஃப்ட் வெக்கச் சொல்லி எத்தனை தடவை கேட்டாச்சு," என்றாள். "ஆமாங்க," என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைக்குத் திரும்பியபோது பின்பக்கம் மண்வெட்டிச் சத்தம். அண்ணன் பள்ளம் தோண்டி, நனைந்த மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கொட்டி மூடிக்கொண்டிருந்தான். அவளைப் பார்க்காமலேயே, "அந்த வீட்டுக் கோழிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றான். "ஆகலை," என்றாள். அண்ணன் தங்கை சண்டை அந்த இரண்டு பேச்சோடு தீர்ந்தது.

அடுத்த வாரம் கோழிகள் வந்தன, மடக்குக் கதவோடு, கூண்டோடு. புது இடத்தில் தீவனத்தை மட்டும் மாற்றவே கூடாது என்று அக்கா பழையதையே அதே வேளையில் போட்டாள். லிஃப்ட்காரர் ஊருக்குக் கிளம்பும் நாளில் வந்து, கொல்லையில் கோழிகளோடு நின்றார். புதுப்பொண்ணைத் தூக்கி முதுகைத் தடவினார். பூப்போட்ட சட்டையை அவர் கொண்டுவரவில்லை. அதைத் தன் பெட்டியில் வைத்திருக்கிறார் என்று அக்கா கேட்காமலேயே புரிந்துகொண்டாள். அது வலித்தது. அப்படி வைக்காத ஆளாக இருந்தால் இந்த மனிதரைத் தனக்குப் பிடித்திருக்காது என்றும் தெரிந்தது. இரண்டையும் ஒன்றாகச் சுமக்க அவள் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது.

"போயிட்டு வரேங்க," என்றார். போகிறேன் என்று சொல்லவில்லை. அதையும் அவள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஞாயிறுதோறும் பகலில் ஃபோன் வரும். மாமியார் எப்படி? டீச்சர் மெலிஞ்சிருக்கா? கிளிஞ்சல் போடுறீங்களா? அவள் ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டு, தீவனத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள். அங்கிருந்து அவர் "பா, பா, பா" என்று அழைக்க, இவை தலையைச் சாய்த்துக் கேட்கும். மண்ணில் கிளறித் தின்று குண்டம்மா கெட்டி ஓட்டில் முட்டை இட்டது. கோழி என்றாலே முகம் சுளித்த அண்ணன் பின்னால் மாமியார் நாய்க்குட்டி மாதிரி சுற்றியது. "உங்க அம்மாவைப் பாத்த மாதிரியே இருக்கு," என்று அண்ணி சொல்லி, அன்றைக்கு வீட்டில் ஒரு கலவரம்.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் கோழிகளைக் கேட்டு முடித்ததும் அவர் வைத்துவிடுவார். பேச்சு நான்கு கோழிகளோடு நின்றுவிடும். ஐந்தாவதாக ஒரு ஆள் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருக்குத் தெரியுமா என்று அவள் ஏங்கினாள். கோழிகளுக்கு எதுவும் குறைவில்லாமல் இருந்தது. சில ஞாயிறுகளில் அதுவே அவளுக்குக் குறையாகப்பட்டது. ஒன்றுக்கு லேசாகச் சளி பிடித்தால்கூடப் பேச்சு நீளுமே என்று நினைத்து, நினைத்த வாயில் போட்டுக்கொண்டாள். அப்படிப்பட்ட எண்ணத்துக்குப் பரிகாரமாக அன்று அவற்றுக்குக் கீரையைக் கொஞ்சம் கூடப் பொடியாக நறுக்கினாள்.

வேலை இன்னும் ஒரு வருடம் நீளும் என்ற சேதியும் அப்படித்தான் வந்தது, கிளிஞ்சல் தூளுக்கும் டீச்சருக்கும் நடுவில். "சரிங்க," என்றாள். வைத்த பிறகு மூட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து, ஒரு கை தீவனத்தை அள்ளி முகர்ந்துகொண்டிருந்தாள்.

அந்த வாரத்தில் ஒருநாள், ஞாயிறுகூட இல்லை, பொழுது சாய்ந்து விளக்கு வைத்த நேரம். கடையை அடைப்பதற்காகப் பலகைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஃபோன் அடித்தது. அவர் பெயரைப் பார்த்ததும் பதறிப்போய் எடுத்தாள்.

"என்னங்க, உடம்புக்கு ஏதாவது?"

"இல்லைங்க. நல்லாத்தான் இருக்கேன்."

"கோழியெல்லாம் கூண்டுல ஏறி அடைஞ்சிடுச்சே. இப்பக் கூப்பிட்டா ஒண்ணும் சத்தம் கொடுக்காதுங்க."

"தெரியும்," என்றார் அவர். "பொழுது போனா கோழி அடைஞ்சிடும்னு எனக்குத் தெரியாதா? அடையட்டும்னுதான் காத்திருந்து கூப்பிட்டேன்."

அவள் பலகையைக் கீழே வைத்தாள். எதிர்முனையில் அவர் மூச்சு விடுவது கேட்டது. எங்கோ இரும்பில் இரும்பு தட்டும் சத்தமும் கேட்டது.

"இங்க ஒரு தீவனக் கடை இருக்கு," என்றார். "வேலை விட்டு வரப்ப உள்ள போய் சும்மா நின்னுட்டு வருவேன். என்ன வேணும்னு கேட்டாங்க. என்னத்தச் சொல்றது? அந்த வாசனைக்காக வந்தேன்னா சொல்ல முடியும்? அரைக் கிலோ வாங்கிட்டு வந்து, அறைல வெச்சிருக்கேன். கூட இருக்கிறவங்க சிரிக்கிறாங்க."

அவளுடைய ஒரு கை தன்னையறியாமல் தலைமுடிக்குப் போயிற்று.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"கோழியைப் பத்தி ஞாயித்துக்கிழமை கேட்டுக்கறேன். இப்ப நீங்க சொல்லுங்க. இன்னிக்கு உங்களுக்கு எப்படிப் போச்சு?"

யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் திணறினாள். மூட்டைமேல் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடியும் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து அண்ணி, "கடையை அடைச்சாச்சா?" என்று குரல் கொடுத்தாள். அக்காவுக்கு அது காதில் விழவில்லை.

"காலைல எழுந்தப்பவே மேகமூட்டமா இருந்தது," என்று தொடங்கினாள்.